பந்தக்காலடியில் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் கலியாணசுந்தரம் பந்தக்காலில் கை வைத்ததை மட்டும் பார்த்தோம். அவர் முகத்தைப் பார்க்க விடாமல் பெண்கள் குறுக்கே நின்றுவிட்டார்கள். இந்த வாரம் அந்த முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மலாயாவுக்குச் சுதந்திரம். அடுத்த வியாழக்கிழமை அவர் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். மலாக்காவின் காஜா பெராங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோரணம். எது நாட்டுக்குக் கட்டியது, எது வீட்டுக்குக் கட்டியது என்று தெரியாமல் தெருவே கலகலத்துக் கிடந்தது.

புதிதாக இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலியாணசுந்தரம் நகரசபையின் சாலைப் பகுதியில் மண்டோர். இருபது தொழிலாளிகளுக்குத் தலைவர். பொதுப் பாதையில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் யாரும் குழி வெட்டக் கூடாது, வெட்டினால் தடுப்பும் சிவப்புக் கொடியும் வைக்க வேண்டும், ஆள் நடக்க வழி விட வேண்டும், வேலை முடிந்ததும் இருந்தது இருந்தபடி மூட வேண்டும் என்ற சட்டத்தை மலாயிலும் தமிழிலும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். போன தைப்பூசத்துக்குத் தெருவோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்களையே கால்களைப் பிடுங்க வைத்த புண்ணியவான். 'பெர்மிட் மண்டோர்' என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு முன்னால் சொன்னாலும் சிரித்துக்கொள்வார்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லிக்காவது விழும்போது பானை தெரிந்திருக்காது. நம் மண்டோருக்குத் தெரிந்திருந்தது.

நடந்தது இதுதான். விடிகாலையில் வேலைத்தலத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு அவர் வீடு திரும்பியபோது, மனைவி ருக்மணியின் தம்பி தேவதாஸ் குழியைத் தோண்டி முடித்திருந்தான். பந்தலின் ஈசானிய மூலை என்று கயிறு பிடித்து அளந்திருக்கிறான். அந்த மூலை வீட்டு எல்லைக்கல்லைத் தாண்டி, லோங்காங் என்று இங்கே சொல்லும் சாக்கடையையும் தாண்டி, ரோட்டோரப் புல்மேட்டில் போய் விழுந்திருந்தது. புல்மேடு நகரசபை நிலம். ருக்மணி வருஷக் கணக்காக அதில் மிளகாய் காயவைக்கிறாள். ஆகவே அது தங்கள் வாசல் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரைத் தவிர.

அவர் வந்து நின்றபோது மூங்கில் கால் குழியில் இறங்கிவிட்டது. மாவிலைக் கொத்து, மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம், பால், பன்னீர் எல்லாம் ஆகிவிட்டன. சுமங்கலிகள் குலவையிட்டார்கள். தம்பின் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்லையா முதல் பஸ்ஸில் வந்து, பட்டுத் துண்டும் சந்தனமுமாக நின்றார். "சம்மந்தி வந்தாச்சு! வந்து கை வைங்க, நல்ல நேரம் போவுது" என்றார்.

கலியாணசுந்தரம் கல்லைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். ஏழடி வித்தியாசம். வாயைத் திறக்க அவருக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவர் கண்ணில் பட்டது ருக்மணியின் முகம். கோகிலாவுக்கு வயது இருபத்து மூன்று. முதல் வரன் நிச்சயமான வாரத்திலேயே மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து அத்தோடு போயிற்று. இரண்டாவது வரன் அதைக் கேள்விப்பட்டே வரவில்லை. இது மூன்றாவது. மாப்பிள்ளை ஜெயபாலன் ரயில்வேயில் டிக்கெட் கிளார்க், தங்கமான பிள்ளை. அவன் தாய் சீதாம்மாள்தான் சகுனம் பார்க்கிறவள். மூன்று முறை கோயிலில் பூப்போட்டுப் பார்த்த பிறகே தலையாட்டினாள். கணவனை இழந்தவள் என்பதால் பந்தக்காலுக்குத் தான் வராமல் தம்பியை அனுப்பியிருந்தாள்.

குழி இரண்டடிதான், தண்ணீர்ப் பைப்பு மூன்றடி ஆழத்தில் போகிறது, ஏழு நாளில் பிடுங்கி மூடிவிடலாம் என்று மண்டோரின் மனம் கணக்குப் போட்டது. தப்புச் செய்கிற மனத்துக்குக் கணக்கு மட்டும் சரியாக வரும். அவர் கையைக் காலில் வைத்தார். குலவை மறுபடி எழுந்தது.

சரி, இனி அன்றைய பகலுக்கு வருவோம்.

மண்டோர் வேலைத்தலத்துக்குத் திரும்பியிருந்தார். ஒன்பதரை மணிக்கு அங்கே ஓவர்சியரின் சீட்டு வந்தது. காஜா பெராங் சந்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, எங்கோ ஒழுக்கு, மண்டோர் உடனே போய்க் கண்டுபிடிக்கவும், சனிக்கிழமை ஊர்வலம் அந்தப் பக்கமாகப் போகிறது என்று எழுதியிருந்தது.

கலியாணசுந்தரம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். போன வருஷம் ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தப் புல்மேட்டை ஓரடிக்கு மேல் சுரண்டி எடுத்தது நினைவுக்கு வந்தது. சுரண்டியது அவருடைய ஆட்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். மூன்றடியில் இருந்த பைப்பு இப்போது இரண்டடியில்கூட இருக்காது. காலையில் போட்ட கணக்கில் அந்த ஓரடியை அவர் சேர்க்கவேயில்லை.

பைப்பு வேலைக்காரன் பொன்னுதுரையைக் கூட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

ஒழுக்குத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பைப்பு ஓடும் தடத்தில் நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். தண்ணீர் ஒழுங்காக ஓடினால் ஒரு சத்தம், எங்காவது கசிந்தால் வேறு சத்தம். பொன்னுதுரைக்கு அந்தக் காது வாய்த்திருந்தது. சந்து முனையிலிருந்து பத்தடிக்கு ஒரு முறை கம்பியை ஊன்றி ஊன்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். மண்டோர் பின்னால் நடந்தார். அவருக்குக் கம்பி தேவைப்படவில்லை.

வழியில் மீனாச்சி எதிரே வந்தாள். சந்துக்குள் குடியிருக்கும் மலாக்கா செட்டிச் சமூகத்துப் பெண். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். கல்யாணப் பலகாரத்துக்குப் பச்சரிசி இடித்துத் தருவதாக ருக்மணியிடம் ஒப்புக்கொண்டிருந்தவள். கையில் காலி வாளி.

"ஆயேர் தாடா, மண்டோர்" என்றாள். தண்ணீர் இல்லை. மருமகள் பெற்று நாலு நாள்தான் ஆகிறது, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட ஒரு சொட்டு இல்லை என்று மலாயில் சொன்னாள். முப்பத்திரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே குழாய்தான்.

"சீக்கிரம் பார்க்கிறேன்" என்று அவரும் மலாயில் சொன்னார். அவளும் வாளியோடு பின்னால் வந்தாள்.

வீட்டை நெருங்கும்போதே கூட்டம் தெரிந்தது. காலையில் கலைந்து போன பெண்கள் திரும்பி வந்திருந்தார்கள். கூடவே புதிதாகப் பத்துப் பேர். நடுவில் நல்லையா, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி.

"சம்மந்தி! ஓடி வாங்க! உங்க வீட்டுப் பந்தக்காலடியில தண்ணி ஊறுது! கங்கையே வந்துட்டா!"

ஊறத்தான் செய்தது. மூங்கிலைச் சுற்றி மண் குழைந்து, நடுவில் தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, புல்லில் வழிந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. நவதானியம் இரண்டு மூன்று மணி மேலே மிதந்தது. யாரோ சுற்றிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். பெண்கள் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ருக்மணி ஒரு பித்தளைச் செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு இடுப்பில் வைத்திருந்தாள். சிவந்த கண்களோடு முகம் சிரித்தது.

"என்னங்க, நம்ம பொண்ணுக்கு இருந்த தோஷமெல்லாம் கழுவிட்டுப் போவுதுங்க" என்றாள். "நலுங்குக்கு இந்தத் தண்ணியிலதான் தலைக்கு ஊத்தணும்னு எல்லாரும் சொல்றாங்க."

வருஷக் கணக்கில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"எங்க அக்கா மட்டும் இதப் பாத்திருந்தா!" என்றார் நல்லையா. "நாலு பேர்கிட்ட கேட்டுக் கேட்டுத் தயங்கினாளே! மத்தியான பஸ்ல போயி முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்."

தேவதாஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டான். "நான் கடப்பாரை போடறப்பவே ணங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு அத்தான். கல்லுன்னு நெனச்சேன். இப்பல்ல தெரியுது."

பொன்னுதுரை கம்பியைத் தரையில் ஊன்றவே இல்லை. தோளில் சாத்திக்கொண்டு எதிர்ப்பக்கத்துத் தோரணத்தைப் பார்த்தான். பிறகு மண்டோரின் காதருகே வந்து மெல்லப் பேசினான்.

"மண்டோரண்ணே, ஜாயிண்டு விட்டிருக்கு. ஈயம் ஒடஞ்சிருக்கும். நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறீங்களா? முனையில வால்வ அடைச்சிருவோம். ஒரு வாரத்துக்கு சந்து ஜனங்க பெரிய ரோட்டுக் குழாயில புடிச்சுக்கட்டும். ஒழுக்கு இன்னும் கெடைக்கலன்னு எழுதிப்புடலாம். கல்யாணம் முடிஞ்ச மறுநாளு நானே வந்து கமுக்கமா சரி பண்ணிடுறேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

நல்ல மனசுக்காரன். அவன் சொன்னதில் மண்டோருக்கு ஆசை வராமல் இல்லை. வந்தது. நன்றாகவே வந்தது.

ஆனால் அவர் கண் குழியை விட்டு நகரவில்லை. குழிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கரை ஊறி உடைந்துகொண்டிருந்தது. வால்வை அடைத்தால் பைப்புக்குள் தண்ணீரின் தள்ளல் நின்றுபோகும். அப்போது உடைந்த வாய் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். மறுபடி திறக்கும்போது அது சந்துக் குழாயில் வந்து இறங்கும். ஜப்பான்காரன் போன மறுவருஷம் கம்போங் என்று இங்கே சொல்லும் ஒரு கிராமத்தில் அப்படித்தான் சாக்கடை உள்ளே இறங்கிப் பதினோரு பேர் காய்ச்சலில் செத்தார்கள். அந்தப் பைப்பைத் தோண்டி எடுத்த கூலிகளில் அவரும் ஒருவர். பதினோரு பேரில் ஆறு பேர் குழந்தைகள்.

அப்போதுதான் மீனாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பந்தக்காலைப் பார்த்தாள். மண்டோரை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல் உண்டு, கால் உண்டு, மாவிலை உண்டு. அந்தக் கால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாளியைக் கீழே வைத்தாள். பந்தக்காலுக்கு நேரே நின்று கை கூப்பினாள். அப்புறம் காலி வாளியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சந்துக்குள் போனாள்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் மண்டோருக்கு ஏதாவது பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"பொன்னுதுரை" என்றார். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "ரெண்டு தடுப்பு கொண்டாரச் சொல்லு. நாலு சிவப்புக் கொடி. ஈயச் சட்டி, அடுப்பு எல்லாம் வரட்டும். குழிய அகலமா வெட்டணும்."

"அண்ணே..."

"போ."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ருக்மணிக்குப் புரிந்துவிட்டது. செம்பை இறுக்கிக்கொண்டாள். "எதுக்குங்க வெட்டணும்?"

"இது கங்கையில்ல ருக்கு. பைப்புத் தண்ணி. நம்ம கடப்பாரை ஒடைச்ச பைப்பு."

"இருக்கட்டுமே! பைப்புத் தண்ணின்னா மட்டும் சாமி அனுப்பினது இல்லையா? ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? ஊருல எத்தனையோ பைப்பு ஒழுகுது, எல்லாம் அன்னிக்கேவா போயி அடைச்சீங்க?"

"சாக்கடை உள்ள போயிடும்."

"போனா போவட்டும்!" என்றாள் ருக்மணி. சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. பெண்ணைப் பெற்றவள், அவ்வளவுதான்.

நல்லையாவின் கைகள் தலையிலிருந்து மெல்ல இறங்கின. "சம்மந்தி, வெளையாடாதீங்க. நட்ட காலை முகூர்த்தத்துக்கு முந்திப் புடுங்கறதா? பொணம் விழுந்த வீட்டுலகூட அப்படிச் செய்யமாட்டாங்களே!"

"புடுங்காம பைப்பத் தொட முடியாதுங்க."

"இந்த எடம் யாரு எடம்?"

கேள்வி நேராக வந்தது. மண்டோர் எல்லைக்கல்லைப் பார்த்தார். "ரோட்டு எடம்" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தண்ணீர்ப் பந்தலை இழந்தவர்களில் ஒருவர் அங்கேயே நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தேவதாஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளன்னைக்கு நாடே நம்ம கைக்கு வருது. இன்னும் என்ன அத்தான் ரோட்டு எடம், பெர்மிட்டு? வெள்ளக்காரன் கப்பலேறப் போறான், நீங்க அவன் சட்டத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

"அவன் போயிட்டா ரோடும் கப்பலேறிடுமாடா? இங்கதானே கெடக்கும்? அந்தத் தண்ணியக் குடிக்கிறது வெள்ளக்காரனா, மீனாச்சி பேரனா?"

தேவதாஸ் வாயை மூடிக்கொண்டான். நல்லையா மூடிக்கொள்ளவில்லை. ஒரு முடிவுக்கு வந்தவராக அருகில் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தத் தாழ்ந்த குரலில் இரக்கமும் இருந்தது.

"சம்மந்தி, நான் ஒண்ணு கேக்கறேன். தெரியாம நடந்த தப்புக்கு வழி இருக்கு. வேற கால், வேற எடம், வேற நேரம் பாத்து நட்டுக்கலாம். ஐயர்கிட்ட கேட்டா பரிகாரம் சொல்லுவாரு. எங்க அக்காவ நான் சமாதானம் பண்ணிடுவேன். ஆனா தெரிஞ்சே குத்தமான எடத்துல கால ஊனினாங்கன்னா, அது வேற. அந்தப் பந்தல்ல எங்க அக்கா காலடி எடுத்து வைக்கமாட்டா. நானும் வையின்னு சொல்லமாட்டேன். இது தெரியாம நடந்ததுதானே?"

"தெரியாமத்தாங்க!" என்று பாய்ந்தான் தேவதாஸ். "நான்தான் அளந்தேன். எனக்கு என்னங்க தெரியும் எல்லைக்கல்லும் கில்லும்! அத்தான் கடைசியில வந்து கை வெச்சாரு, அவ்வளவுதான்!"

நல்லையா மண்டோரையே பார்த்தார். ருக்மணியும் பார்த்தாள். வீட்டுப் படியில் கதவைப் பிடித்துக்கொண்டு கோகிலா நின்றிருந்ததை மண்டோர் அப்போதுதான் கவனித்தார். எத்தனை நேரமாக நிற்கிறாளோ.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவருக்குப் பேச ஒரு நொடி கிடைத்தது. இரண்டாவது தடவையாகவும் அதை விட்டுவிட்டார். குனிந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அதானே பாத்தேன், தெரியாம நடந்ததுதான்" என்று நல்லையா பெருமூச்சு விட்டார்.

தடுப்பு வந்தது. நாலு மூலையிலும் சிவப்புக் கொடி ஏறியது. ஆள் போக மூன்றடி வழி விட்டுக் கயிறு கட்டினார்கள். எத்தனையோ வீட்டு வாசலில் அவர் நின்று கட்ட வைத்த கயிறுதான். சொந்த வாசலில் கட்டும்போது முடிச்சு விழ மறுத்தது.

கூலிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலைத் தொட யாரும் முன்வரவில்லை. கலியாணசுந்தரமே குழிக்குள் இறங்கினார். கொஞ்சம் பால் வாங்கி அடியில் ஊற்றினார். இரண்டு கையாலும் மூங்கிலை அணைத்துத் தூக்கினார். ஈர மண் எளிதில் விடவில்லை. மூன்றாவது முறை 'சளக்' என்று வந்தது. ருக்மணி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் தெருவரை கேட்டது.

பந்தக்காலைத் துடைத்து, கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கிடத்தினார். அப்படிக் கிடத்தியதைப் பார்த்ததும் அவருக்கே மனசு பதறியது. வேட்டியைச் சுருட்டி எடுத்துவிட்டுச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் நல்லையா கிளம்பினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ருக்மணி கெஞ்சினாள். காப்பி மட்டும் போதும் என்று, அதையும் பாதி வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்குப் பத்து மணி பஸ்ல அக்கா வருவா" என்றார் கோகிலாவிடம். "உன்னைத்தாம்மா கேப்பா. பெரியவங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க, பொண்ணு பொய் சொல்லாதுன்னு அவளுக்கு ஒரு எண்ணம். தெரியாம நடந்ததுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

மூன்று மணிக்குப் பொன்னுதுரை ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி ஜாயிண்டை அடைத்தான். குழாயைத் திறந்துவிட்டு, செம்மண் நிறம் போய்த் தெளியும்வரை அரை மணி நேரம் வீணாக ஓடவிட்டார்கள். பிறகு சந்துக்குள்ளிருந்து வாளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

மண்டோர் ஆபீஸுக்குப் போனார். அறிக்கைத் தாளில் ஒழுக்கு எங்கே, என்ன காரணம், எத்தனை மணிக்குச் சரியானது என்று வரிசையாக எழுதி வந்தார். 'அனுமதியின்றித் தோண்டியவர்' என்ற இடத்தில் பேனா நிற்கவில்லை. 'கலியாணசுந்தரம், மண்டோர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஓவர்சியர் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சனிக்கிழமை விழா முடியட்டும், மண்டோர். திங்கட்கிழமை மேலே அனுப்புகிறேன்" என்று மலாயில் சொன்னார். மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இருவருமே பேசவில்லை. மண்டோர் வேலை போய்ப் பழையபடி மண்வெட்டி பிடிக்க வேண்டி வரலாம். அதுவும் இல்லாமல் போகலாம்.

காகிதத்தில் எழுத அவருக்குக் கை கூசவில்லை. வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லத்தான் வாய் எழவில்லை. மனிதர்கள் அப்படித்தான். அதிகாரிக்கு அஞ்சாதவர்கூடச் சொந்த மகள் முகத்துக்கு அஞ்சுவார்.

அவர் வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கூலிகள் குழியை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மண் இன்னும் கொஞ்சம் மேடாக இருந்தது. உள்ளே போகப் பிடிக்காமல் அவர் மண்வெட்டியை எடுத்து அதைச் சமப்படுத்த ஆரம்பித்தார்.

கோகிலா வெளியே வந்தாள். தடுப்புக் கட்டையின் அந்தப் பக்கம் நின்றாள். காலையில் வைத்த மல்லிகை தலையில் வாடிக் கிடந்தது.

"அம்மா சாப்பிட்டாளா?"

"இல்ல."

"நீ?"

அவள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்துக்குள் மீனாச்சி வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. குளிப்பாட்டுகிறார்கள் போலிருக்கிறது.

"அப்பா, காலையில கால்ல கை வெச்சப்ப, இது ரோட்டு எடம்னு உங்களுக்குத் தெரியுமா?"

மண்வெட்டி நின்றது.

"தேவதாஸ் மாமா தெரியாதுன்னு சொன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லல. அதான் கேக்கறேன்."

"தெரியும்மா" என்றார் கலியாணசுந்தரம்.

கோகிலா அழுவாள் என்று அவர் நினைத்தார். அவள் அழவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ஏழடி தள்ளி நட்டிருப்போமே அப்பா."

வேறு யார் என்ன திட்டியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். ஏழடி. நல்ல நேரம் இன்னும் கால் மணி மிச்சமிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்லையா கொஞ்சம் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். கடப்பாரை பட்ட பைப்பு எப்படியும் உடைந்திருக்கும், உண்மை. ஆனால் கால் நிலைத்திருக்கும்.

"உங்க அம்மா சந்தோஷத்தக் கெடுக்க மனசு வரலம்மா" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்கு அத்தை வந்து என்னைத்தான் கேப்பாங்க."

"ஆமா."

"தெரியாம நடந்ததுன்னு சொன்னா கல்யாணம் நடக்கும்."

"நடக்கும்."

"சொல்லட்டுமா?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். சொல் என்று தலையசைத்தால் போதும். ஒருவருக்கும் தெரியாது. ஆபீஸ் தாளைத் தம்பினில் யார் படிக்கப் போகிறார்கள்? அவள் ஆயுசு முழுக்க அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருப்பாள். மாமியார் மடியில் தலை வைத்து அந்த ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருப்பாள். அவருக்காக.

"வேண்டாம்மா" என்றார். "அப்பாவுக்குத் தெரியும்னே சொல்லிடு."

கோகிலா தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள். "பத்து மணிக்கு பஸ் வரும். நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, அத்தை எறங்கினதும் நீங்களே சொல்லுங்க. காலையில பேசாம நின்னதுக்கு நாளைக்காவது பேசிடுங்கப்பா."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கலியாணசுந்தரம் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். மறுநாள் பத்து மணிக்குள் அந்த முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்று, வாயை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.